பனிமலைக்குப் புறப்பட்ட கோடை

அந்தப் பயணப் புத்தகத்தை எழுதிய மனிதர் அப்போது கையில் கிடைத்திருந்தால் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன். இமயமலையைப் பற்றி அப்படியா எழுதுவது? எண்பதுகளின் தொடக்கம். ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு மலைக்கிராமத்துப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். போதாக்குறைக்குக் கலசப்பாக்கம் டூரிங் டாக்கீஸில் ஒரு படத்தையும் பார்த்துத் தொலைத்தேன். மெல்லிசான புடவையைக் கட்டிக்கொண்டு கதாநாயகி பனியில் உருளுகிறாள், ஒரு தும்மல்கூட இல்லை! புத்தகமும் படமும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக அடித்துவிட்டன. குடியிருந்த மலையை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அது வேலை பார்க்கிற இடம், அவ்வளவுதான்.

கோடை விடுமுறைக்குச் சக டீச்சர்கள் வடக்கே சுற்றுலா ஏற்பாடு செய்தார்கள். எனக்கு ஆவணியில் கல்யாணம். தங்கள் வீட்டுப் பெண்கள் கடைத்தெருவுக்குக்கூடத் தனியாகப் போகமாட்டார்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் முன்பே சொல்லிவிட்டார்கள். அப்பா மனசு இரங்கி, இந்த ஒரு தடவை போய்வரச் சொன்னார். இதை விட்டால் எனக்குப் பனிமலை கிடையாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், ஊர் அம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். பூசாரி மஞ்சள் கயிற்றோடு வந்தார். நான் வேலூர் டவுன்காரி. கோயிலில் யார் கயிறு கட்டினாலும் கையை நீட்டிப் பழக்கம். நீட்டினேன், கட்டிவிட்டார்.

காலையில் பெட்டியைத் தூக்கினால், நான் குடியிருந்த வீட்டுக்கார அக்கா வாசலை மறித்து நின்றாள். காப்புக் கட்டியவர்கள் அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாதாம். அம்மனுக்கு ஆகாதாம். எனக்கு வந்ததே கோபம்! ஒரு கயிறுதானே, அறுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன் என்று கத்தினேன். உள்ளே அவளுடைய பெண் குழந்தை அம்மை வார்த்து, வேப்பிலை மேல் படுத்திருந்தது.

அக்கா சத்தம் போடவில்லை.

"போவணும்னா போங்க டீச்சரம்மா. எம் புள்ளைக்கு இன்னா ஆனாலும் உங்கள ஒரு வார்த்த சொல்லமாட்டேன்."

திட்டியிருந்தால் போயிருப்பேன். கயிற்றில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் நான் போன பிறகு அந்தக் குழந்தைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? பெட்டியைக் கீழே வைத்தேன். தூரத்தில் முதல் பஸ் ஹாரன் அடித்துவிட்டு இறங்கிப் போனது.

அதன்பிறகு அந்த ஊர் எனக்கு ஜெயில். ஊரெல்லாம் பலாப்பழ வாசனை. மழை பெய்த காலைகளில் மேகம் வாசல்வரை வந்து நிற்கும். இதைப் பார்க்க எங்கிருந்தோ யாராவது ஆசைப்பட்டு வரக்கூடும். எனக்கோ பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. புத்தகத்தைத் திறக்கவே பிடிக்கவில்லை, சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். காப்பை அவிழ்த்த அன்று அக்கா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இனிமே எங்க வேணா போங்க டீச்சரம்மா."

எங்கே போவது? மற்ற டீச்சர்கள் அந்நேரம் பனியில் நின்றுகொண்டிருப்பார்கள். சுற்றுலாவுக்குப் போகவில்லை என்று அப்பாவுக்கு முன்பே கடிதம் போட்டிருந்தேன். பஸ் ஏறி வேலூருக்குப் போனேன். வாசலிலேயே அப்பா நின்றிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், முகத்தைக் கழுவிக்கொண்டு வா என்றார்.