அன்வரி பேகம் வைத்த கைநாட்டு

உள்ளறையில் டிரங்குப் பெட்டியின் மூடி படாரென்று விழுந்த சத்தம் முன்னறை வரைக்கும் கேட்டது.

"இன்னாது அது?" என்றார் அம்சவேணி டீச்சர்.

"பாயம்மா புடவை எடுக்கறாங்க போல டீச்சர்," என்றாள் பூரணி. அவளுக்கும் தெரியாது. மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு, பலப்பத்தை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தாள். பதினேழு வயதுப் பெண்ணின் உள்ளங்கை அந்த மே மாத மாலையில் ஈரமாக இருந்தது.

பாயம்மா என்று அவள் சொன்னது அன்வரி பேகத்தை. ஆம்பூரில் கொழுந்தன் ரஷீத் அஹமது வீட்டின் பின்கட்டில், இரண்டே அறைகளில் தனியாக வசித்த விதவை. வயது நாற்பத்திரண்டு. பீடி சுற்றிப் பிழைப்பு. அன்று அவள் பெட்டிக்குள் அவசரமாகத் திணித்தது புடவை அல்ல. ஏழு உருதுப் புத்தகங்களும், ஓரம் பழுத்துப்போன ஒரு கட்டு மாத இதழ்களும். முன்னறை மேல்தட்டில் பச்சைத் துணி சுற்றி வைத்திருந்த குர்ஆனை மட்டும் அவள் தொடவில்லை. அதை எங்கே கொண்டுபோய் மறைப்பது? மறைக்கலாமா? அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் அவள் வெளியே வரத் தாமதமானது.

ஐந்து மாதமாக அவள் மனசு இப்படித்தான் குழம்பிக் கிடந்தது.

அன்வரி பிறந்தது வாணியம்பாடியில். ஏழாம் வகுப்புவரை உருதுப் பள்ளியில் படித்தாள். அங்கே தமிழும் ஒரு பாடம் என்று கால அட்டவணையில் எழுதியிருந்தது. தமிழ் வாத்தியார் மட்டும் கடைசிவரை வந்து சேரவில்லை. வயசுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்தி, பதினெட்டில் முனீர் அஹமதுவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். முனீர் தோல் ஷாப்பில் செலக்டர். பதனிட்ட தோலை உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் போதும், இது எத்தனாவது ரகம் என்று சொல்லிவிடுவான். ஆனால் உருதுவின் அலிஃப் எழுதத் தெரியாது, தமிழின் அ எழுதவும் தெரியாது. பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவன்.

அவனுக்குக் கதை கேட்கப் பிடிக்கும். ராச்சாப்பாடு முடிந்ததும் மாத இதழை எடுத்து அவள் மடியில் வைப்பான். அவள் வாசிப்பாள். கதாநாயகி மாமியார் வீட்டிலிருந்து விரட்டப்படும் கட்டம் வந்தால், தோல் மூட்டையைத் தனியாகத் தூக்கும் அந்த ஆண்மகன் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பம்பாயில் இருந்த அவன் அண்ணனுக்குக் கடிதம் எழுதுவதும் அவள்தான். ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் அவன் பெயரை அவள் கை எழுதும். இருபத்தோரு வருஷம் எழுதியது. ஒரு நாள் ஷாப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் தனக்குத்தானே வாசித்துக்கொண்டாள். கேட்க ஒரு காது இல்லாத வீட்டில், உரக்கப் படிக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஜனவரியில் பூரணி வந்தாள்.

முதியோர் கல்வி என்று நாடெங்கும் பேசிக்கொண்டிருந்த சமயம். பூரணி படித்த பள்ளியில் தலைமையாசிரியை ஒரு விதி கொண்டுவந்திருந்தார். பள்ளி இறுதி வகுப்பு மாணவி ஒவ்வொருத்தியும் எழுத்தறியாத ஒருவருக்கு நாற்பது மணி நேரம் சொல்லிக்கொடுத்து, கைநாட்டை மாற்றிக் கையெழுத்துப் போட வைக்க வேண்டும். இந்தச் சமூக சேவைக்கு நிரப்பிக் கொடுக்க ஒரு பாரம் உண்டு. பாரம் முடியாதவளுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கிடையாது.

தோழிகள் வேலைக்காரியையும் பால்காரியையும் பிடித்துக்கொண்டார்கள். பூரணிக்கு ஆள் கிடைக்கவில்லை. ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் அவளுக்கு முன்னால் புர்கா போட்ட ஓர் அம்மாள் நின்றாள். கடைக்காரர் எதுவும் கேட்காமலே மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். அந்த அம்மாளும் எதுவும் பேசாமல் கட்டைவிரலை வைத்தாள். பூரணி பையோடு பின்னாலேயே ஓடி, வீட்டு வாசலில் மடக்கினாள்.

"பாயம்மா, உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதா?"

கேள்வி தமிழில் வந்தது. ரேஷன் கடைப் புத்தகத்தில் இருந்ததும் தமிழ். அன்வரிக்குத் தமிழ் பேச வரும், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆகையால், "தெரியாது பாப்பா," என்றாள்.

அது பொய்யா? அன்றைக்கு அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. சனிக்கிழமை பூரணி சிலேட்டோடு வந்து உட்கார்ந்து, அவள் கையைத் தன் கைக்குள் பிடித்து அ எழுத வைத்தபோதுதான் சுருக்கென்றது. இந்தப் பெண் தன்னை முழுமூடமென்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தாள். அதற்குள் பூரணி, "எவ்ளோ அழகா வருது பாயம்மா, என் தம்பிக்கு ஒரு மாசம் ஆச்சு," என்று கன்னத்தில் கை வைத்து அதிசயப்பட்டாள். முனீர் போனபின் மூன்று வருஷமாக அன்வரியைப் பார்த்து யாரும் அதிசயப்பட்டதில்லை. திறந்த வாய் மூடிக்கொண்டது.

அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் அதற்கடுத்த வாரமாயிற்று. செவ்வாயும் சனியும் சாயங்காலம் ஆனால் இதழ்கள் பெட்டிக்குள் போயின, சிலேட்டு வெளியே வந்தது. கொழுந்தன் பெண்டாட்டி ஃபரீதாவுக்கு இது நல்ல வேடிக்கை. நாளைக்கு யூனிஃபார்ம் தைக்கத் துணி எடுக்கட்டுமா பாபி என்று அண்ணியைக் கிணற்றடியில் கேட்டாள். உருதுவில் ஊருக்கே கடிதம் எழுதிக் கொடுத்த கை இப்போது சின்னப் பிள்ளைபோல் கோடு போடுகிறதே, இதற்கென்ன அர்த்தம் என்றும் கேட்டாள். அன்வரிக்கே அர்த்தம் தெரியவில்லை. பீடி இலையைக் கத்தரித்துக்கொண்டே யோசிப்பாள். கேட்டது தமிழைத்தானே, அதனால் நான் சொன்னது உண்மை. ஆனால் உண்மையென்றால் பெட்டியை ஏன் மூடுகிறேன்?

பாடம் முடிந்ததும் பூரணி தன் கதையைச் சொல்வாள். அப்பா செங்கல்வராயன் தோல் ஷாப்பில் தோல் ஊறவைக்கும் டிரம்மை ஓட்டுகிறவர். வேலூரில் நர்ஸ் பயிற்சிக்கு மனுப்போட அவரை எப்படியோ சம்மதிக்க வைத்திருக்கிறாள். இந்த வருஷம் இடம் கிடைக்காவிட்டால் குடியாத்தத்தில் தறி போட்டிருக்கும் மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிடுவதாக அவர் பேச்சு. மனுவோடு நன்னடத்தைச் சான்றிதழும் வைக்க வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

அம்சவேணி டீச்சர் பரீட்சை வைக்க வந்து உட்கார்ந்திருந்த இந்த நாள், புதன்கிழமை.

அன்வரி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள். டீச்சர் ஃபரீதா வீட்டிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலியில் இருந்தார். முதலில் சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டி வாசிக்கச் சொன்னார். "மே. பு-த-ன்," என்று அன்வரி எழுத்துக் கூட்டினாள். ஒரு தாளில் பால், வீடு, மருந்து என்று எழுதிக் காட்டினார். மருந்தில் கொஞ்சம் திணறினாலும் மூன்றையும் படித்துவிட்டாள். பூரணியின் முகம் விளக்கேற்றியதுபோல் ஆனது.

"பரவால்லியே," என்றார் டீச்சர். "பேரு எல்லாரும் மனப்பாடமா எழுதிடறாங்க. நீங்க வேற ஒண்ணு எழுதுங்க. உங்க வீட்டுக்காரர் பேரை எழுதுங்க பார்ப்போம்."

அந்தப் பெயரைத் தமிழில் அவள் எழுதியதே இல்லை. மு தெரியும், னீ தெரியும், ர் தெரியும். சிலேட்டைப் பார்த்தாள். அங்கே சிலேட்டு இல்லை. பம்பாய்க்குப் போகும் கடிதத்தின் கடைசி வரி இருந்தது. தலையணையில் முகம் திருப்பிக் கண்ணீரை மறைத்துக்கொள்ளும் ஒரு மனிதன் இருந்தான். இருபத்தோரு வருஷம் அந்தப் பெயரை எழுதிய கை தானாகச் சிலேட்டின் வலது ஓரத்துக்குப் போனது. அங்கே மு போட்டது. அதற்கு இடப்பக்கம் னீ. அதற்கும் இடப்பக்கம் ர். பலப்பத்தை வைத்துவிட்டு, அவன் பெயரைச் சரியாக எழுதிவிட்ட நிம்மதியோடு நிமிர்ந்தாள்.

டீச்சர் சிலேட்டை வாங்கி இடமிருந்து வலமாக வாசித்தார். ர், னீ, மு. இன்னொரு தடவை பார்த்தார்.

"எழுத்தே தெரியாதவங்க இந்தத் தப்பு பண்ண மாட்டாங்கம்மா. எழுத்தைத் திருப்பிப் போடுவாங்க, வரிசையைத் திருப்ப மாட்டாங்க. உருதுதான் வலப்பக்கத்துலேர்ந்து போவும். உங்களுக்கு உருது எழுத வருமா?"

பூரணி டீச்சரைப் பார்த்தாள், பாயம்மாவைப் பார்த்தாள். இதில் என்ன வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. டீச்சர் பாரத்தைத் திருப்பி, அடியில் பொடி எழுத்தில் இருந்த உறுதிமொழியைக் காட்டினார். போன வாரம் ஒருத்தி தபால்காரரின் பெண்டாட்டியைக் கூட்டிவந்து எழுத்தறியாதவள் என்று நிறுத்தியதாகவும், அதற்குத் தலைமையாசிரியை தன்னைத்தான் நிற்கவைத்துக் கேட்டதாகவும் சொன்னார். எந்த மொழியிலும் என்று போட்டிருக்கிறது, உருது தெரிந்தால் இந்த நாற்பது மணி நேரம் கணக்கில் வராது, வேறு ஆளைப் பிடித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார்.

"வெள்ளிக்கிழமை கடைசி நாள் டீச்சர்," என்றாள் பூரணி. குரல் பாதியில் உடைந்தது. பிறகு அன்வரி பக்கம் திரும்பினாள். "நான் மொத நாளே கேட்டேனே பாயம்மா?"

கேட்டாள்தான். அன்வரி பாரத்தை வாங்கிக் கண்ணுக்கருகே பிடித்துக்கொண்டாள். எ-ந்-த. மொ-ழி-யி-லு-ம். உதடு மெல்ல அசைந்தது. எ-ழு-த-ப் ப-டி-க்-க-த் தெ-ரி-யா-த-வ-ர். தனக்குப் படிக்கத் தெரியாது என்று எழுதியிருந்த வரியை அவள் முழுசாகப் படித்து முடித்தாள். இந்த வரியைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவள் எதிரே அழுதுகொண்டு நிற்கிறாள். அப்படியானால் இந்தப் பெண் செய்த வேலை நிஜம். நிஜமான வேலைக்குப் பொய்யான கைநாட்டு வைக்கலாமா? வைக்காவிட்டால் நிஜமான வேலை பொய்யாகிவிடாதா? சுற்றிச் சுற்றி வந்து அவளுக்குத் தலை கனத்தது. மேல்தட்டுப் பக்கம் கண்ணை ஏற்றாமல் இருக்க மிகவும் பிரயாசைப்பட்டாள்.

பம்பாய்க்கு எழுதிய கடிதங்கள், ராத்திரிகளில் வாசித்த கதைகள், வாணியம்பாடிப் பள்ளியில் முதல் மாணவியென்று வாங்கிய வெண்கலக் கிண்ணம். அவளுடையதென்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

"உருது தெரியாது டீச்சரம்மா," என்றாள் அன்வரி பேகம்.

"அப்போ வலப்பக்கத்துலேர்ந்து எழுதினீங்களே?"

"பீடி சுத்தறவ கை. வலப்பக்கமாதான் ஓடும். பழக்கதோஷம்."

டீச்சர் சிரிக்கவில்லை. அவர் பார்வை அறையைச் சுற்றி வந்து, மேல்தட்டின் பச்சைத் துணியில் ஒரு கணம் நின்று, இறங்கியது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்து வைத்தார்.

அன்வரி கட்டைவிரலை மையில் அழுத்தி, உறுதிமொழிக்குக் கீழே வைத்தாள். ரேஷன் கடையில் நூறு முறை வைத்த விரல்தான். அன்றைக்கு மட்டும் காகிதத்திலிருந்து அதை எடுக்க நேரமானது. படித்து முடித்ததற்கான பக்கத்துக் கட்டத்தில் அன்வரி என்று, இந்த முறை இடப்பக்கத்திலிருந்து, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

"என் கண்ணு முன்னாடி வச்ச கைநாட்டு. எனக்கு அது போதும்," என்று டீச்சர் எழுந்தார். படியிறங்கும்போது திரும்பி, எதையோ சொல்ல நினைத்தவர்போல் நின்றார். கடைசியில் வெயில் ஜாஸ்தி என்று மட்டும் சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார்.

பூரணி போகவில்லை. பாரத்தை நெஞ்சோடு பிடித்தபடி கதவோரம் நின்றாள்.

"டீச்சர் போய்ட்டாங்க. எனக்கு மட்டும் சொல்லுங்க பாயம்மா. உருது தெரியுமா? தெரியும்னா நான் இதைக் குடுக்க மாட்டேன். பொய்யா ஒரு பாரத்தைக் குடுத்துட்டு நர்ஸ் வேலைக்குப் போவ மாட்டேன்."

இந்தப் பெண்ணிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று நெஞ்சு முட்டியது. ஒரு வார்த்தை போதும். ஒரு புத்தகத்தை எடுத்து வந்து, முனீருக்கு வாசித்ததுபோல் ஒரு பக்கம் வாசித்தால் போதும். இவள் கண்ணகன்று அதிசயப்படுவாள். அப்புறம் அந்தப் பாரத்தை இரண்டாகக் கிழித்துவிட்டுக் குடியாத்தத்துக்குப் போவாள்.

"தெரியாது பாப்பா."

"நெஜமா?"

"நெஜமா."

பூரணி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ உங்களுக்கு மொத மொதல்ல எழுத்து சொல்லிக்குடுத்தது நான்தானா?"

"நீதான்."

இதுவும் பொய்யா, இல்லை இது மட்டுமாவது உண்மையா என்று அன்வரிக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பூரணி சட்டென்று குனிந்து அவள் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விரல் மை அவள் இமையில் லேசாக ஒட்டியது. வேலூரிலிருந்து தமிழில் கடிதம் போடுவதாகவும், எழுத்துக் கூட்டித் தானே படிக்க வேண்டும், யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லக் கூடாது என்றும் ஒரு வாத்தியாரம்மாவின் கண்டிப்போடு சொன்னாள். அன்வரி தலையாட்டினாள்.

அந்தப் பெண் சந்துக் கோடியில் திரும்பும்வரை அவள் வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து, பெட்டியைத் திறக்குமுன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.