நோலன் எல்லர் கூரையைத் தட்டிய ஞாயிறு

என் பெரியம்மா மகன் நோலன் எல்லர் இப்போது வெள்ளிக்கிழமைகளில் டிவியில் தெரிகிறான். அவன் அங்கே போன விதத்தை எங்கள் வில்க்ஸ் கவுண்டியில் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். டயர் கடையில் கேட்டால் குருட்டு அதிர்ஷ்டம் என்பார்கள். தேவாலயத்தில் கேட்டால் கர்த்தரின் கிருபை என்பார்கள். கிருபையாக இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் நடுவில் சில மனிதர்கள் இருந்தார்கள். அவர்கள் செய்ததை நடந்தபடியே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

அவன் அப்பா ஹாய்ட் பெரியப்பாவிலிருந்து தொடங்க வேண்டும். அவருக்கு வாரம் முழுக்க மரம் அறுக்கும் ஆலையில் வேலை, சனிக்கிழமையானால் ஹேஸ் கிரீக் திடலில் பந்தயம். பார்ப்பதற்குச் சாலையில் ஓடும் கார் போலவே இருக்கும், உள்ளே மட்டும் முழுக்கப் பிரித்து வேறாகக் கட்டிய ஸ்டாக் கார். அரை மைலுக்கும் குறைவான அந்தத் தார் வட்டத்தில் இருபது வருஷம் இடதுபக்கமே திரும்பிக்கொண்டிருந்தார்.

எங்கள் திடலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் இன்னொருவனை இடித்துச் சுழல வைத்துவிட்டால் மஞ்சள் கொடி காட்டுவார்கள். எல்லாக் கார்களும் வேகத்தைக் குறைத்து வரிசையாக வரும். இடித்தவன் கொடி மேடையைக் கடக்கும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தன் கார்க் கூரையை இரண்டு தட்டு தட்டினால், தப்பு என்மேல் என்று பொருள். தட்டியவன் வரிசையின் கடைசிக்குப் போவான், சுழன்றவனுக்கு அவன் இடம் திரும்பக் கிடைக்கும். யாரும் தட்டாவிட்டால் சுழன்றவன்தான் கடைசி. கொடிக்காரர் யாரையும் விசாரிக்க மாட்டார். தட்டுவதும் தட்டாததும் அவனவன் மனசு.

தொண்ணூற்றாறாம் வருஷத்தின் கடைசிப் பந்தயத்தில் பெரியப்பா, புள்ளிக் கணக்கில் தனக்குப் போட்டியாக இருந்த வெர்னன் ஷூமேட்டை இடித்தார். அதை ஆயிரத்து இருநூறு பேர் பார்த்தார்கள். பெரியப்பாவின் கை காருக்குள்ளேயே இருந்தது. வெர்னன் கடைசிக்குப் போனார், பெரியப்பா நான்கு புள்ளி வித்தியாசத்தில் அந்த வருஷத்துச் சாம்பியன் ஆனார். அதற்குப் பிறகு இரண்டு குடும்பமும் தேவாலயத்தில் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்தன. யாராவது பழைய கதையை எடுத்தால் பெரியப்பா ஒரே பதில் சொல்வார்: அவன் தானாகச் சறுக்கினான்.

நோலன் அந்தப் பதிலைக் கேட்டே வளர்ந்தான். பள்ளியில் அவனோடு சண்டைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அது வசதியான ஆயுதம். கணக்குப் பரீட்சையில் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டவன்கூட, "நான் பாக்கல, அவன் பேப்பர் தானா சறுக்கிச்சு" என்று நோலனைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவானாம்.

நோலன் பன்னிரண்டு வயதில் சின்னக் கார்களில் தொடங்கினான். பதினேழில் பெரியப்பாவின் பழைய காரின் இரும்புச் சட்டத்தை நிமிர்த்தி, இரண்டாம் கை என்ஜின் வைத்துப் பெரியவர்களோடு ஓடினான். பகலில் கோழிப்பண்ணைகளுக்குத் தீவன லாரி ஓட்டுவான். மாலையில் காருக்கு அடியில் படுத்திருப்பான். அவன் அம்மா வாண்டா பெரியம்மா சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்துக் காலால் தள்ளிவிடுவார். இருபத்தைந்து வயதுக்குள் எங்கள் திடலில் இருபத்தொரு பந்தயம் ஜெயித்துவிட்டான். ஆனால் இந்தத் தொழிலில் பெரிய குழுக்கள் பதினெட்டு வயதுப் பையன்களைத்தான் தேடுகின்றன, அதுவும் அப்பாவின் பணத்தோடு வருகிற பையன்களை. இருபத்தேழு வயதில், தீவனத் தூசி படிந்த தொப்பியோடு இருப்பவனைத் தேடி யாரும் வருவதில்லை.

அந்த நேரத்தில்தான் மூர்ஸ்வில் பக்கத்திலிருந்து மிஸஸ் லவெல் வந்தார். வெள்ளிக்கிழமைகளில் டிவியில் வரும், நாடு முழுக்கச் சுற்றும் பந்தயத் தொடரில் அவருக்கு ஒரு குழு இருக்கிறது. அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் திடலில் நடக்கும் நூற்றைம்பது சுற்றுப் பந்தயத்தில் ஜெயிப்பவருக்குத் தன் காரில் மூன்று பந்தயம் தருவதாக அறிவித்தார். அந்த மூன்றில் ஒன்றிலாவது முதல் பத்துக்குள் வந்தால் அடுத்த வருஷம் முழுக்க வேலை. நோலன் பெரியம்மாவிடம், இது கிடைக்காவிட்டால் காரை விற்றுவிடுகிறேன், போதும் என்று சொல்லியிருந்தான்.

நூற்று முப்பதாவது சுற்றில் ப்ரைஸ் ஷூமேட் முதலில் போய்க்கொண்டிருந்தான். வெர்னனின் தம்பி மகன், வெர்னன் கட்டிய கார். அவனுக்குப் பின்னால் ஒரு அடி இடைவெளியில் நோலன். பெரியப்பா பார்வையாளர் மேடைக் கூரையின் மேல் நின்று ரேடியோவில் அவனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். தலைக்கவசமும் கழுத்துப் பட்டையும் போட்டு உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு முன்னால் இருக்கும் காரைத் தவிர ஒன்றும் தெரியாது. மேலே நிற்பவர்தான் அவனுக்குக் கண். மூன்றாவது வளைவில் நுழையும்போது நோலன் காரின் மூக்கு ப்ரைஸின் பின்பக்கத்தில் பட்டது. ப்ரைஸ் சுழன்று புல்லில் போய் நின்றான். மஞ்சள் கொடி காட்டினார்கள். நோலன் இப்போது முதலிடம்.

ரேடியோவில் பெரியப்பாவின் குரல் வந்தது; அந்தப் பேச்சைக் கேட்கும் கருவி திடலில் பாதிப் பேர் காதில் இருக்கும். "நீ இடிக்கல. அவன் தானா சறுக்குனான். கையை உள்ள வச்சுக்க."

 கொடி மேடைக்கு வந்ததும் நோலன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கூரையை இரண்டு முறை தட்டினான்.

பார்வையாளர் மேடையில் இருந்த நாங்கள் எழுந்து நின்றோம். பிறகு கைதட்டல் எழுந்தது. எல்லர் வீட்டுக் கை வெளியே வந்ததைப் பார்க்க அந்த ஊர் இருபத்தாறு வருஷம் காத்திருந்தது. கொடிக்காரர்கூடத் தொப்பியைக் கழற்றினார். நோலன் பத்தொன்பதாவது இடத்துக்குப் போனான். மிச்சமிருந்த சுற்றுகளில் ஏழாவது இடம்வரை ஏறி வந்தான். ப்ரைஸ் ஜெயித்தான்.

பந்தயம் முடிந்து அப்பாவும் மகனும் காரை டிரெய்லரில் ஏற்றிச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பெரியப்பாதான் வாயைத் திறந்தார்.

"நான் சொன்னேன்ல."

"நீ சொன்னதாலதான்ப்பா தட்டுனேன்," என்றான் நோலன்.

பெரியப்பா கையில் இருந்த சங்கிலிக் கொக்கியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை மாட்டிவிட்டுப் போய் வண்டியில் உட்கார்ந்தார். நான்கு நாள் அந்த வீட்டில் உப்பைக் கொடு, கதவைச் சாத்து என்பதற்கு மேல் பேச்சு இல்லை என்று பெரியம்மா என் அம்மாவிடம் அழுதார். நோலன் காரை விற்க விளம்பரம் எழுதி, டயர் கடைச் சுவரில் ஒட்டிவிட்டான்.

வியாழக்கிழமை மாலை வெர்னன் ஷூமேட்டின் வண்டி எல்லர் வீட்டு முற்றத்துக்குள் வந்தது. நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த வண்டி அந்தப் பாதையில் திரும்பியதில்லை. வெர்னன் இறங்கினார். பின்னால் ப்ரைஸ், பள்ளியில் முதல்வர் அறைக்கு அழைத்துவரப்பட்டவன் போல. வெர்னன் கையில் ஒரு மடிக்கணினி இருந்தது.

பெரியப்பா வாசலைவிட்டு இறங்கவில்லை. வெர்னன் தன் வண்டியின் முன்மூடிமேல் கணினியை வைத்துத் திறந்தார். ப்ரைஸின் காருக்குள் ஒரு சின்னக் கேமரா உண்டு. வளைவுகளில் கார் போன பாதையைச் சரிபார்க்க வெர்னன் ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் அந்தப் படத்தைப் போட்டுப் பார்ப்பார். மூன்றாவது வளைவில் ப்ரைஸின் இடது முன்சக்கரம் தாருக்கு வெளியே இறங்குவது அதில் தெளிவாகத் தெரிந்தது. பின்பக்கம் விலகுகிறது, ப்ரைஸ் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கிறான். அதற்குப் பிறகுதான் நோலன் இடிக்கும் சத்தம். அந்த இடி இல்லாவிட்டாலும் கார் சுழன்றிருக்கும்.

வெர்னன் பெரியப்பாவைப் பார்த்துத்தான் பேசினார். "ஹாய்ட், அன்னைக்கு நீ ரேடியோல சொன்னதத் திடல்ல பாதிப் பேரு கேட்டோம். நான் கேட்டுட்டுச் சிரிச்சேன். திரும்பவும் ஆரம்பிச்சுட்டான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். நீ சொன்னது நெசம். அதச் சொல்லத்தான் வந்தேன்."

ப்ரைஸ் தரையைப் பார்த்தபடி, எனக்கு அது அங்கேயே தெரியும், நோலன் தட்டியதும் என்ன செய்வதென்று தெரியாமல் இடத்தை வாங்கிக்கொண்டேன் என்றான். வெர்னன் புதன்கிழமையே திடல்காரர்களிடம் போய்க் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்திருக்கிறார். பந்தயம் முடிந்து கார்களை எடை போட்டு முடிவை எழுதிய பிறகு எதுவும் மாற்ற முடியாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

நோலன் அப்பாவின் பக்கம் திரும்பினான். அவன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று ஜன்னலில் இருந்து பார்த்த பெரியம்மா சொன்னதை எனக்கு எழுதத் தெரியவில்லை. ஒரு பந்தயத்தை இழந்ததைவிடப் பெரிய தப்பு செய்துவிட்டவன் போல நின்றான்.

பெரியப்பா படி இறங்கி வந்தார்.

"தொண்ணூத்தாறுல நான்தான்டா இடிச்சேன், வெர்னன். தெரிஞ்சேதான் இடிச்சேன்."

"எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். இவன் என்னை நம்பலன்னா அதுக்குக் காரணம் இவன் இல்ல. அத யாராவது சொல்லணும்ல."

 உள்ளிருந்து வாண்டா பெரியம்மா குரல் கொடுத்தார்: "பேசி முடிச்சாச்சுன்னா உள்ள வாங்க. சோளரொட்டி ஆறிப்போகுது." ஐந்து பேரும் மொச்சையும் சோளரொட்டியும் சாப்பிட்டார்கள். வெர்னன் மூன்று தட்டு சாப்பிட்டார் என்று பெரியம்மா இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்.

மறுநாள் வெர்னன் மடிக்கணினியோடு மூர்ஸ்வில்லுக்கு ஓட்டிப் போனார். மிஸஸ் லவெல் படத்தை இரண்டு முறை பார்த்தாராம். ஜெயித்தவனுக்கு என்று அறிவித்துவிட்டேன், அதை நான் மீற முடியாது, ஆனால் அவன் தன் பங்கை யாருக்குக் கொடுத்தாலும் தடுக்க மாட்டேன் என்றாராம். ப்ரைஸ் யோசித்துவிட்டு நோலனைக் கூப்பிட்டான். "மூணுல ஒண்ணு எனக்கு, ரெண்டு உனக்கு. மூணையும் குடுக்கிற அளவுக்கு நான் நல்லவன் இல்ல, தப்பா நினைக்காத." நோலன் சிரித்துவிட்டான். அந்த நேர்மைக்காகவே ப்ரைஸை எனக்குப் பிடிக்கும். டயர் கடைச் சுவரில் இருந்த விளம்பரத்தை நோலன் போய்க் கிழித்துப் போட்டான்.

முதல் பந்தயத்தில் ப்ரைஸ் பத்தொன்பதாவதாக வந்தான். இரண்டாவதில் நோலன் இருபத்திரண்டாவது. ஒன்றரை மைல் வட்டத்தில் அவன் அதுவரை ஓட்டியதே இல்லை. கார் வேறு, காற்று வேறு, காதில் சொல்கிறவரும் வேறு.  திரும்பி வரும் வழியில் நோலன் மிஸஸ் லவெல்லுக்குப் போன் செய்து, கடைசிப் பந்தயத்துக்கு ஒன்றே ஒன்று கேட்டான். மேலே நின்று வழி சொல்ல அப்பா வேண்டும்.

"அவருக்கு இந்தப் பெரிய திடல் தெரியுமா?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

"தெரியாது, மேடம். ஆனா பாத்ததத்தான் சொல்வாரு."

அந்த மூன்றாவது பந்தயத்துக்கு எங்கள் ஊரிலிருந்து இரண்டு வண்டி நிறையப் போனோம். வெர்னனும் வந்தார், நோலனின் ரேடியோவைக் கேட்கும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதிப் பந்தயம்வரை நோலன் பதினாறாவது இடத்தில் இருந்தான். பன்னிரண்டு சுற்று மிச்சமிருக்கும்போது, இரண்டாவது வளைவில், அவனுக்கு முன்னால் ஏழெட்டுக் கார்கள் ஒன்றோடொன்று மோதின. வெள்ளைப் புகை சுவரிலிருந்து புல்வரை மூடிவிட்டது. எங்களுக்கே ஒன்றும் தெரியவில்லை. கார்கள் ஒவ்வொன்றாகப் புகைக்கு முன்னால் திணறி நின்றன. நோலன் மணிக்கு நூற்று அறுபது மைல் வேகத்தில் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

வெர்னன் தன் காதுக் கருவியில் ஒரு பக்கத்தை என் காதில் வைத்தார். பெரியப்பாவின் குரல் கத்தவே இல்லை. "மேல போ. சுவர் ஓரம். காலை எடுக்காத. வழி இருக்கு, எடுக்காத. மேலயே இரு."

நோலன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. அவன் கார் சுவரை உரசுகிற மாதிரி புகைக்குள் நுழைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவன் அந்தப் பக்கம் வெளியே வந்திருந்தான், கீறல் இல்லாமல். ரேடியோவில் நோலனின் குரல் கேட்டது.

"நன்றிப்பா."

"முன்னாடி பாத்து ஓட்டு," என்றார் பெரியப்பா.

ஆறாவது இடத்தில் முடித்தான். மிஸஸ் லவெல் லாரிகள் நிற்கும் இடத்துக்கே வந்து அவன் கையைப் பிடித்து, அடுத்த வருஷம் முழுக்க நீதான் என்று சொன்னார். நோலன் அவருக்கு நன்றி சொன்னான், காரைக் கட்டியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னான், ப்ரைஸைக் கட்டிப்பிடித்தான். வார்த்தை கிடைக்காமல் அவன் திண்டாடியதைப் பார்த்து பெரியம்மாவே, போதும்டா, தண்ணி குடி என்றார்.

பெரியப்பா கூரையிலிருந்து ஏணி வழியாக இறங்கி வர நேரமாயிற்று, முழங்கால் வலி. கடைசிப் படியில் வெர்னன் காத்துக்கொண்டிருந்தார்.

"உன் பேச்சக் கேட்டு அந்தப் புகைக்குள்ள நான் போயிருக்கவே மாட்டேன், ஹாய்ட்," என்றார் வெர்னன்.

"நீ எங்க போவப்போற," என்றார் பெரியப்பா, அவர் தோளைப் பிடித்துக் கீழே இறங்கியபடி. "புகை இல்லாதப்பவே மெதுவாத்தான் ஓட்டுவ."