காடை முட்டைக்கு ஓர் ஒயின் அலமாரி

நான் வேலை பார்க்கும் காடைப் பண்ணையில் முட்டைகள் பொரிக்காமல் போகத் தொடங்கியபோது எல்லாரும் அடைகாக்கும் இயந்திரத்தைத்தான் குறை சொன்னார்கள். பொரிப்பு அறை என் பொறுப்பு. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தினமும் சரிபார்ப்பவள் நான். இயந்திரத்தில் பிழையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தட்டுகளில் பாதிக்கு மேற்பட்ட முட்டைகள் அசைவில்லாமல் கிடந்தன.

"அடுத்த தடவையும் இப்படின்னா ரூமை மூடிடலாம்லா. ஜொகூர்லேர்ந்து குஞ்சாவே வாங்கிக்கலாம்," என்றார் முதலாளி. அறையை மூடினால் எனக்கு அங்கே வேலை இல்லை.

இயந்திரத்துக்குள் போவதற்கு முன் முட்டைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தேன். பாதி காலியாக ஓட்டினால் மின்சாரம் வீண் என்று, இயந்திரம் நிறையும்வரை அவற்றைச் சேர்த்துவைப்பது வழக்கம். அதுவும் விற்பனை முட்டைகளோடு, குளிர் அறையில். சாப்பிடும் முட்டைக்கு அது நல்ல இடம். குஞ்சாக வேண்டிய முட்டைக்கு அந்தக் குளிரும் அதிகம், காத்திருப்பும் அதிகம். வெளியே வைத்தாலோ, நம் ஊர்ப் புழுக்கத்தில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும்.

இரண்டுக்கும் நடுவான குளிர் தேக்கா கடைத்தெருப் பக்கம் கிடைத்தது. மூடிப்போன உணவகம் ஒன்று, ஒயின் பாட்டில் வைக்கும் கண்ணாடிக் கதவு அலமாரியை விற்றது. பதினைந்து டிகிரியில் அப்படியே நிற்கும்.

லாரியிலிருந்து இறக்கும்போதே, கூண்டுகளைக் கவனிக்கும், செம்பவாங்கிலிருந்து வரும் அண்ணன் கிண்டலை ஆரம்பித்துவிட்டார். "என்னம்மா, காடைக்கெல்லாம் தண்ணி பார்ட்டியா?"

"மொதல்ல தூக்குங்கண்ணே. முட்டைய அடுக்கும்போது கூர்முனை கீழ இருக்கணும், சொல்லிட்டேன்."

ஒரு வாரத்து முட்டைகளை மட்டும் சேர்த்தேன். வெளியே எடுத்ததும் அவற்றில் வியர்த்த ஈரம் தானாகக் காயும்வரை காத்திருந்து, பிறகே இயந்திரத்தில் வைத்தேன். காலித் தட்டுகளைப் பார்த்து முதலாளி முகம் சுளித்தார்.

"பொரிக்கலேன்னா நானே கதவைச் சாத்திட்டுப் போறேன் பாஸ்," என்றேன்.

பொரிக்கும் நாளன்று கதவைத் திறக்குமுன்பே கீச்சொலி கேட்டது. உள்ளே தட்டுக்குத் தட்டு, கட்டைவிரல் பருமனில் ஈரக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. எண்ணத் தொடங்கினேன், ஓடுகிறவற்றை எப்படி எண்ணுவது? பொரிக்காத முட்டைகளை எண்ணினேன். ஒரு கைக்குள் அடங்கின.

முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்று ஜொகூருக்குப் போன் போட்டார்.

"குஞ்சு வேணாம்லா. எங்ககிட்டயே நிறைய இருக்கு. ஒங்களுக்கு வேணுமா, சொல்லுங்க."