செருப்புகள் காத்த வரிசை

2025 ஆடி 12: 9 நிமிடம்.
ஆடி 19: 14 நிமிடம்.
ஆடி 26: 2 மணி 10 நிமிடம்.

சுன்னாகத்துக் களியாட்ட விழாவில் றோலர் கோஸ்டர் வரிசை நிறுத்தப்பட்ட நேரங்கள் இவை. வாசலில் ஆள் எண்ணியவன் நான். ஓட்டுநர் குகதாசன், முன்பு உரும்பிராயில் நீர் இறைப்பு இயந்திரங்கள் திருத்தியவர்.

ஆடி 26 அன்று, ஒரு சுற்று முடிந்து பெட்டிகள் நான்கு விநாடி பிந்தி வந்தன. சிவப்பு விளக்கு எரிந்தது. காத்திருந்த எழுபத்தொரு பேரையும் குகதாசன் நிறுத்தினார்.

“லைற்தான் பழுது அண்ணை, ஓட்டுங்கோ!” என்றார் முன்னால் நின்ற சிவகௌரி.

“அதைப் பாத்திட்டுத்தான் சொல்லுவன், தங்கச்சி.”

“அப்ப எங்களைப் போகவிடுங்கோ.”

“விட்டால் எல்லாரும் தண்டவாளத்துக்குக் கீழ நிண்டு அண்ணாந்து புதினம் பாப்பியள். செருப்பை வரிசையில விட்டிட்டு அந்தப் பந்தலுக்குள்ள இருங்கோ. உங்கடை இடம் போகாது.”

பெற்றோல் தட்டுப்பாட்டில் இடம்பிடிக்க வரிசையில் கல் வைத்துப் பழகிய சனம். சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றியது.

குகதாசன் மேலே ஏறி ஒவ்வொரு ஆணியையும் தட்டிப் பார்த்தார். குறை தெரியவில்லை. அப்போதும் ஆளை ஏற்றவில்லை. சந்தையிலிருந்து வெங்காய மூட்டைகள் எடுப்பித்து, இருக்கைகளில் கட்டி ஓடவிட்டார். இரண்டு சுற்று சரியாக ஓடியது. மூன்றாம் சுற்றில், வளைவில், ஒரு பெட்டியின் சக்கரச் சில்லு கழன்று பறந்து கீழே வெறுந்தரையைக் கிழித்தது.

பந்தலுக்குள் சிவகௌரி கைகூப்பியபடி நின்றார்.

சில்லையும் அதன் அச்சையும் கொழும்புக்குச் சோதனைக்கு அனுப்பினோம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அச்சுக்குள்ளே இருந்தது என்று உறுதிசெய்த கடிதம் வந்த திகதி: 2025 புரட்டாதி 18.