பிள்ளையாருக்கு முன் நான் மறைத்ததும் அவர் எனக்குத் தந்ததும்

அடியார்களே, சென்ற ஆண்டு தை மாதம் எங்கள் வீட்டில் ஒருவரும் நிம்மதியாகச் சோறு உண்ணவில்லை. என் ஒரே மகள் யோகத்துக்கு ஆறு வயது முடிந்திருந்தது. அவளை எந்தப் பள்ளிக்கூடத்தில் விடுவது? கண்டியில் எங்கள் வீட்டுக்கு எட்டிய தூரத்தில் இருந்தது மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றுதான். நல்ல படிப்பு. ஆனால் நாள்தோறும் கிறிஸ்தவ வேத வகுப்பு. மற்ற வழி, யாழ்ப்பாணத்தில் என் கணவரின் தமக்கை வீட்டில் விட்டுச் சைவப் பாடசாலைக்கு அனுப்புவது.

அந்த மச்சாள் பிள்ளையைக் கூட்டிப்போகவே வந்துவிட்டார்.

"உங்கடை கண்டிக் குளிருக்குப் பிள்ளையின்ரை மூக்கு ஒழுகுது. வேதக்காரரிட்டை விட்டால் சமயமும் ஒழுகிப்போம்" என்றார்.

என் கணவர் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். தமக்கை சொல்லைத் தட்டமாட்டார். நானும் சைவப் பாடசாலையில் படித்தவள்தான். மச்சாள் சொல்வது சரி என்று என் புத்தி சொன்னது. ஆனால் பிள்ளையின் சட்டைகளைப் பெட்டியில் ஒருநாள் அடுக்கினேன், மறுநாள் எடுத்து அலுமாரியில் வைத்தேன்.

கடைசியில் கோயிலில் பூக் கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சிவப்புப் பூ வந்தால் யாழ்ப்பாணம், வெள்ளை வந்தால் கண்டி. இலையில் சுற்றிக் கட்டும் வேலை என்னுடையது. நான் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைத்தேன்.

யோகம் ஒன்றை எடுத்தாள். ஐயர் பிரித்தார். வெள்ளை. மற்றதை நான் மடியில் மறைத்துக்கொண்டேன்.

"பிள்ளையார் சொன்ன பிறகு நான் ஆர் மறுக்க?" என்றார் மச்சாள். அடுத்த நாள் தனியே வண்டி ஏறினார். போகும்போது பிள்ளையை முத்தமிட்டு அழுதார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

யோகம் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நான்கு மாதம் சென்றது. ஒருநாள் பின்னேரம் பெருமழை. குடை கொண்டுபோனேன். பள்ளிக்கூட மதிலோரம் என் மகள் ஒரு காகிதத்தைப் பிரித்துத் திருநீறு பூசிக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை இது?"

"காலமை வரேக்கை அழிச்சுப்போடுவன் அம்மா. மற்றப் பிள்ளையள் சிரிக்கினம். வீட்டை வரேக்கை பூசுவன். அப்ப ரெண்டு பக்கமும் சந்தோசம்தானே."

"ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை. நான்தான்."

அவள் பெருமையோடு சொன்னாள். ஒருவரும் சொல்லித் தரவில்லையாம்! என் வயிற்றில் பிறந்தவளுக்கு யார் சொல்லித் தர வேண்டும்?

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். பிள்ளை என்னோடு இருக்க வேண்டும் என்று அன்று நான் கேட்கவில்லை. "சுவாமி, உன்னை ஏய்த்தேன். அவள் எங்கே படித்தாலும் ஒளிக்காமல் படிக்கட்டும். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் தா" என்று அழுதேன்.

அன்று மாலை கணவர் வந்து கதிரையில் அமர்ந்து சப்பாத்தைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். இத்தனை மாதம் வராத சொல் எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. அவர் கழற்றிய சப்பாத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப பிள்ளையாரை நாங்கள் இன்னும் கேக்கவே இல்லை" என்றார்.

"திரும்பக் கட்டிப் பாப்பமே?"

"வேண்டாம். பள்ளிக்கூடத்திலை நேரே கேப்பம். பிள்ளை திருநீறோடை வரட்டும், வேத வகுப்பு வேண்டாம் எண்டு கடிதம் எழுது. அவை மாட்டம் எண்டால் அக்காவிட்டை அனுப்புவம். பிறகு நீ அழக்கூடாது."

எழுதினேன். நானே கொண்டுபோனேன். தலைமை ஆசிரியை வெள்ளைக்கார அம்மா. கடிதத்தை இருமுறை வாசித்தார்.

"நாலு மாதம் கழித்து ஏன் கேட்கிறீர்கள்?" என்று தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"பயந்திருந்தோம், அம்மா."

"பயந்த பிள்ளை செய்யும் ஜெபம் எனக்கும் வேண்டாம்" என்று சொல்லிக் கடிதத்தில் கையெழுத்திட்டார்.

பக்கத்தில் நின்ற தமிழ் ஆசிரியை, அவரும் வேதக்காரர்தான், சிரித்தார். "அந்த நேரம் என்னோடை இருந்து தையல் பழகட்டும். உங்கடை மகளுக்கு ஊசியிலை நூல் கோக்கவே தெரியாது."

அந்த வாசலில் நின்றே நான் பிள்ளையாரைக் கும்பிட்டேன். என் பொய்க்கு அவர் என் மகளைத் தண்டிக்கவில்லை. கேட்ட வாயையும் தந்தார், கேளாத பிள்ளையையும் என்னிடமே விட்டார்.

மச்சாளுக்கும் எழுதி மன்னிப்புக் கேட்டேன். ஒரு மாதம் பதில் இல்லை. பிறகு வந்தது: "விடுமுறைக்குப் பிள்ளையை அனுப்பு. தேவாரம் நான் பழக்கிறன். நீ வரத் தேவையில்லை." அனுப்பினேன். இரண்டு கிழமை, பதினான்கு நாள். அழுதேன், ஆனால் அனுப்பினேன்.

யாழ்ப்பாணமே நல்லதாக இருந்திருக்குமோ என்று இன்றும் சில நாள் யோசிப்பேன். என் சுபாவம் அது. இப்போது அதையும் சுவாமியிடம் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைக்காகக் கலங்கி நிற்கும் தாய்மாரே, உங்களுக்காகவே இதை வெட்கத்தோடு எழுதினேன். "இவளைப் பிரிய என்னால் முடியாது, சுவாமி" என்று அன்று நான் ஒரு வரி சொல்லியிருக்கலாம். அவர் கேட்டிருப்பார். நீங்கள் அவரிடம் சொல்லுங்கள்.