பதினாறு கோடைகள் தோய்த்த உடுப்பு

ரொறன்ரோவில் வேலைக்குப் போன முதற் கிழமை, வளர்ந்த ஒரு ஆண் முகத்தைக் கம்பிக் கூட்டால் மூடிக்கொண்டு, அத்தனை சனத்துக்கு முன்னால் குந்தியிருப்பதைக் கண்டேன். பேஸ்போல் மைதானத்தின் அடித்தளத்தில் வீரர்களின் உடுப்புத் தோய்ப்பது என் வேலை. சுவரிலிருந்த ரிவியில் மற்றவர்கள் நிமிர்ந்து நிற்க, அவர் மட்டும் ஒவ்வொரு பந்துக்கும் குந்தினார், எழும்பினார், மறுபடி குந்தினார். மன்னாரில் எங்கள் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்யாதவர்களுக்குத்தான் அப்படி நடக்கும்.

"உந்த மனிசன் என்ன பிழை விட்டவர், அண்ணை?" என்று கேட்டேன்.

எனக்கு வேலை பழக்கிய ராசன் அண்ணை சிரித்தார். "பிழையோ? உவர்தான் கச்சர், பந்து பிடிக்கிறவர், தங்கச்சி. உவர் விரலாலை காட்டினாத்தான் மற்றவன் பந்தெறிவான்."

பெயர் மத்தேயோ. ஸ்பானிய மொழி பேசும் கரீபியன் தீவொன்றிலிருந்து அந்த வசந்தத்தில்தான் வந்திருந்தார். பிறகு அவர் புகழை மற்றவர்கள் பத்திரிகையில் படித்தார்கள். நான் காற்சட்டையில் படித்தேன். முழங்காலில் எப்போதும் செம்மண். இடுப்பளவு இரண்டு தடவை கூடியது. கிண்ணம் வென்ற நாளில் எல்லாருடைய உடுப்பும் ஷாம்பெயினில் ஊறி வந்தது. மத்தேயோவின் சட்டையில் மட்டும் சின்னப்பிள்ளையின் சொக்லேற் விரலடையாளம் இருந்தது.

பதினோராவது கோடையில், ஓடிவந்த ஒருவர் மோதி அவருடைய முழங்கால் சவ்வு கிழிந்தது. இந்த வயதில் இனி ஆட்டம் முடிந்தது என்றே எல்லாரும் பேசினார்கள். ஒரு பின்னேரம், ஊன்றுகோலுடன் எங்கள் அறைக்கு இறங்கி வந்தார். தன் இடத்தில் இன்னொருவர் குந்தியிருப்பதை மேலே இருந்து பார்க்க முடியவில்லையாம். பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து என்னோடு துவாய் மடித்தார்.

அந்த மாதம் எங்கள் வீட்டிலும் அமைதியில்லை. ஸ்காபரோ வீட்டை விற்றுவிட்டு ஒரேயடியாக மன்னாருக்குப் போகவேண்டும் என்று என் கணவர் பிடிவாதமாய் நின்றார். மகள் அழுதாள். நான் வாய் திறக்கவில்லை.

"அடுத்த வருடம் ஹோமுக்குத் திரும்பிவிடுவேன்," என்றார் மத்தேயோ.

எனக்குத் துவாய் கைநழுவியது. "போகாதீர்கள். ஊரும் மாறியிருக்கும், நீங்களும் மாறியிருப்பீர்கள். பிள்ளைகளைக் கேட்டீர்களா?" என்று உடைந்த ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தேன்.

அவர் திகைத்துப்போய், ஊன்றுகோலால் நிலத்தில் ஐந்து மூலையுள்ள ஒரு வடிவம் கீறிக் காட்டினார். கச்சர் குந்தியிருக்கும் இடத்துக்கு முன்னாலுள்ள வெள்ளைத் தட்டு அது. அதற்குத்தான் ஹோம் என்று பெயர். இருவரும் கண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு அவர் மெல்லக் கேட்டார்: "யார் போகிறார்கள்? நீயா?"

அன்று வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னேன்: "நான் ஒரேயடியா வரமாட்டன். வேணுமெண்டா பாத்திட்டு வருவம்." மூன்று நாள் அவர் தனியாகவே சாப்பிட்டார். நாலாம் நாள், தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி, "அப்ப ரிற்றேர்ன் ரிக்கெற்றாப் போடுவம்," என்றார்.

அடுத்த வசந்தத்தில் மத்தேயோவின் காற்சட்டை முழங்காலில் செம்மண்ணோடு வந்தது. தோய்க்க மனமில்லாமல் சற்றுநேரம் கையில் வைத்திருந்தேன். அதன்பிறகும் ஐந்து கோடைகள் ஆடினார்.

அவருடைய கடைசி ஆட்டத்துக்குப் பணியாளர்களுக்கும் இருக்கை தந்தார்கள். நானும் மகளும் போனோம். எனக்குப் பக்கத்தில் தீவிலிருந்து வந்த அவருடைய தாயார். எங்களுக்குள் பொதுவான மொழி ஒன்றுமில்லை. கச்சான் கடலையை மாறிமாறி நீட்டிக்கொண்டோம். ஆட்டம் முடிகிற நேரம், எதிரணிக்காரன் ஒருவன், பந்து அடிபடாமலே இரண்டாம் தளத்தைத் திருடிப் பிடிக்க ஓடத் தொடங்கினான். மத்தேயோ முழுதாக நிமிரும் முன்பே அவர் கை உயர்ந்துவிட்டது. தாயார் ஸ்பானிய மொழியில் ஏதோ கத்தினார். "த்ரோ இற்!" என்றாள் மகள். "எறி ராசா!" என்று நான் தமிழில் அலறினேன்.

பந்து அவனுக்கு முன்னே தளத்துக்குப் போய்விட்டது. ஓடியவன் அவுட்.

மைதானமே எழுந்து நின்றது. தாயாரும் நானும் மட்டும் இருந்தபடியே இருந்தோம். தாயார் தோளில் போர்த்தியிருந்த தன் தீவின் கொடியை எங்கள் இருவர் மடியிலும் சேர்த்து விரித்தார், தலையிலிருந்த ரொறன்ரோ தொப்பியைக் கழற்றி அதன்மேல் வைத்தார், அழுதுகொண்டே கைதட்டினார்.