துணிக்கொடியில் இறங்கிய மின்னல்

சுப்பையாவின் ரேடியோவை எரித்தது மின்னல் அல்ல. நான்தான்.

மின்னலை நீயா அனுப்பினாய் என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அது வர வழியை விட்டு வைத்தேன், அவ்வளவுதான்.

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்திருந்த காலம். வெளிநாட்டுச் செய்தி கேட்டால் தலை போகும். சண்டைக்கு முன் நானும் என் கூட்டாளி சுப்பையாவும் பொழுதுபோக்காகச் செய்த ரேடியோ செட், சுங்கை பினாங்கில் அவன் வீட்டுக் காலி அரிசிப் பெட்டிக்குள் ஒளிந்திருந்தது. அரிசி ஏது அப்போது? எல்லார் வீட்டிலும் மரவள்ளிக்கிழங்குதான். ஏரியல் கம்பி கொல்லையில் துணிக்கொடியாகத் தொங்கியது. மின்னலை மண்ணில் இறக்கும் செப்புக்கம்பி காட்டிக்கொடுத்துவிடும் என்று அதை மட்டும் பிடுங்கிவிட்டோம். அதற்குப் பதிலாக ஒரு வழக்கம். மேகம் கறுத்தால் சுப்பையாவின் மனைவி மீனாட்சி துணிகளை எடுத்துவிட்டுக் குரல் கொடுப்பாள்; செட்டருகே இருப்பவர் ஏரியல் கம்பியைச் செட்டிலிருந்து கழற்றித் தண்ணீர்க் குழாயில் மாட்டவேண்டும்; மின்னல் விழுந்தாலும் குழாய் வழியே மண்ணுக்குப் போய்விடும்.

மீனாட்சியின் தம்பியைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். சண்டை முடியும் செய்திக்காகவே அவள் உயிரை வைத்திருந்தாள்.

அன்று சுப்பையா வெளியே போயிருந்தான். செட்டருகே நான்.

"அண்ணே, மழை வருது. கம்பியக் கழட்டிட்டீங்களா?"

"கழட்டிட்டேன் தங்கச்சி."

கழற்றவில்லை. ஏன்? கடலுக்கு அப்பால் கெடாப் பக்கம் மின்னும்போதெல்லாம் காதுக்குழாயில் 'கிரிச்' என்றது... இடி பிறகுதான் வந்தது. என் கண்ணுக்கு எட்டாத மின்னல்கூடக் காதுக்கு எட்டியது! இன்னும் கிட்டே வந்தால் எப்படிக் கேட்கும்? இன்னும் ஒன்று... இன்னும் ஒன்றே ஒன்று...

இரைச்சல் தாங்காமல் காதுக்குழாயைக் கழற்றினேன். மறுநொடி பெட்டிக்குள் நீல வெளிச்சம். செட்டின் கண்ணாடி வால்வுகள் எல்லாம் கருகிப்போயின.

சுப்பையா வந்ததும் மனைவி மேல்தான் பாய்ந்தான்.

"நேரத்துக்குச் சொல்லியிருக்க மாட்ட. துணிதான் பெருசாப் போச்சு ஒனக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அரிசிப் பெட்டியைப் பார்த்தேன்.

வால்வு வேண்டும் என்று யாரிடம் போய்க் கேட்பது? அதன் பிறகு அந்த வீட்டுக்குச் செய்தி வரவில்லை. சண்டை முடிந்தும் தம்பி வரவில்லை. செட் இருந்தால் மட்டும் வந்திருப்பானா? மாட்டான். ஆனால் காத்திருந்த நாள்களில் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருந்திருக்கும். அதைத்தான் நான் எரித்தேன்.

பிறகொரு நாள், ஈரத்துணி பிழிந்துகொண்டே மீனாட்சி கேட்டாள்.

"அன்னிக்கு அப்படி என்னண்ணே கேட்டுச்சு?"

அவளுக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் தெரிந்துதான் திட்டு வாங்கியிருந்தாள்.

"ஒண்ணும் கேக்கல லா" என்றேன்.

அதுவும் பொய். அழகாக இருந்தது... இன்றைக்கும் இடி இடித்தால் ரேடியோவை அணைக்க எனக்கு மனம் வருவதில்லை.